கடல் பக்கத்து யன்னல்

பாரிஸ், மார்க்ஸ் டோர்மோய்
4 ஜூன் 2012

மிருணாளினியின் அப்பாவுக்கு,

தொலைபேசியில் கதைத்தால் நாங்கள் சண்டையில்தான் போய் முடிகிறோம். "பிள்ளையிட்டைக் குடும்" என்று நீங்கள் சொல்கிறீர்கள், நான் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுகிறேன். ஆகவே எழுதுகிறேன். மர்யானின் மைத்துனர் வெள்ளிக்கிழமை இஸ்தான்புல் வழியாக அங்கே வருகிறாராம். இருபது வருடமாகத் தபால் ஓடாத நகரத்துக்கு ஆள் கையில் கொடுத்துவிடுவதைத் தவிர வேறு வழி என்ன?

நீங்கள் போன பிறகு லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் என்னை எல்லோரும் மறித்து விசாரிக்கிறார்கள். நேற்று மரக்கறிக் கடையில் இம்மாகுலேற் அக்கா முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்தபடி கேட்டா:

"சாம்பவி, உன்ர மனிசன் சோமாலியாவிலயாம், மெய்யே?"

"ஓம் அக்கா."

"கப்பல் கடத்தவோ?"

"பள்ளிக்கூடம் கட்ட."

"அதுக்குக் கப்பலே கடத்தலாம் பிள்ளை. அதில உயிர் தப்புறதுக்கு ஒரு வழியாவது இருக்கு."

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவ கேட்டதில் பிழை இல்லை.

நான் விளங்கிக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன், பிழையென்றால் திருத்துங்கள். பேராதனையில் பொறியியல் படித்த நீங்கள் இருபது வருடம் பாரிஸில் கோப்பை கழுவினீர்கள், சமைத்தீர்கள், பிறகு லா கூர்னெவ் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினீர்கள். அங்கே உங்களோடு பெட்டி அடுக்கிய மர்யான், மொகடிஷுவில் இடிந்து கிடக்கும் தன் தகப்பனின் வீட்டைப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாக்கப் போகிறா. அவவுக்கு ஒரு எஞ்சினியர் தேவைப்பட்டது. நீங்கள் கொங்கே லீவுக்குக் கூட இப்படிச் சந்தோசமாக ஓம் சொன்னதில்லை.

2009 வைகாசிக்குப் பிறகு நீங்கள் வேலை முடிந்து வந்து குசினி மேசையில் சுவரைப் பார்த்தபடி இருப்பீர்கள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. பகல் முழுக்க வன்னியிலிருந்து வந்தவர்களின் வாக்குமூலங்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துவிட்டு வருகிற எனக்கும் கேட்பதற்குத் தெம்பு இருக்கவில்லை. இப்போது கேட்கிறேன். எங்கள் ஊரில் கட்ட முடியாததை இன்னொருவருடைய ஊரில் கட்டப் போனீர்களா?

ஆறு மாதம் என்றீர்கள். நவம்பர் முடிய நீங்கள் இங்கே நிற்க வேண்டும். இதில் பேரம் இல்லை.

சாம்பவி


மொகடிஷு
27 ஜூன் 2012

அன்பான சாம்பவி,

கடிதம் கிடைத்தது. இம்மாகுலேற் அக்காவின் பகிடியை மர்யானுக்குச் சொன்னேன். அவ சிரித்து முடியும்வரை வேலை நின்றது.

உமது கேள்விக்குப் பதிலாகக் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

விமானம் இறங்கும்போது ஓடுபாதை கண்ணில் படவில்லை, கடல்தான் தெரிந்தது. சக்கரம் தண்ணீரில் முட்டப்போகிறது என்று கதிரையை இறுக்கிப் பிடித்தேன். கடைசிக் கணத்தில் நிலம் வந்தது. பக்கத்திலிருந்த கிழவர் ஒருவர் தன் சொந்த ஊரைத்தான் பார்க்கிறார், அவரும் கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

மர்யானின் வீடு ஷங்கானியில், கடலோரப் பழைய பகுதியில் இருக்கிறது. தெரு முழுக்க வெள்ளை. பூசிய வெள்ளை அல்ல, கல்லின் வெள்ளை. கிட்டப் போய்ச் சுவரைத் தொட்டேன். முருகைக்கல், சாம்பவி! எங்கள் யாழ்ப்பாணக் கோட்டைச் சுவரில் இருக்கிற அதே கல். உள்ளே சின்னச் சின்னச் சங்குகளும் இருக்கின்றன. சுவர் நிற்கிறது, கூரை இல்லை. வளைவு நிற்கிறது, வளைவுக்குப் பின்னால் வீடு இல்லை. இரண்டு கோபுரங்களும் விழுந்துபோன ஒரு தேவாலயத்துக்குள் ஆடுகள் நிற்கின்றன.

இதையெல்லாம் நாங்கள் பார்க்காததா என்று நீர் கேட்பீர். பார்த்ததுதான். நான் கேட்காதது ஒன்று இருக்கிறது. சுத்தியல் சத்தம். ஷெல் சத்தம் நிற்பதைக் கேட்டிருக்கிறேன், அதற்குப் பிறகு வருகிற அமைதியையும் கேட்டிருக்கிறேன். ஒரு நகரம் முழுக்க ஒரே காலையில் சுத்தியலை எடுப்பதைக் கேட்டதில்லை. கூரையே இல்லாத ஒரு வீட்டுக்காரர் கதவுக்குப் பச்சை அடித்துக்கொண்டு நின்றார். மர்யானைக் கொண்டு ஏன் என்று கேட்பித்தேன். "கூரைக்கு நாலு பேர் வேணும். கதவுக்கு நான் ஒருத்தன் காணும்" என்றார்.

பக்கத்துப் பகுதியில் எழுநூறு வருடத்துக்கு மேல் பழைய பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. உள்ளே இந்தியாவிலிருந்து கடல் வழியாக வந்த பளிங்குக் கல் இருக்கிறதாம். இவ்வளவு அடிபாட்டுக்கும் அது நிற்கிறது. நான் கோயிலுக்கே ஒழுங்காகப் போகாத ஆள். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபோது கை தானாகக் கூப்பப் போயிற்று. பிறகு இடம் எது என்று நினைவு வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

வீட்டு முற்றத்தில் துணியும் தடியும் கொண்டு கட்டிய குடிசைகளில் பஞ்சத்துக்கு ஓடிவந்த குடும்பங்கள் இருக்கின்றன. மர்யான் அவர்களை அங்கிருந்து எழுப்பப் போவதில்லை. அவர்களைச் சுற்றித்தான் கட்டுகிறோம். அவர்களுடைய மகள்மார்தான் முதல் மாணவிகள்.

நீர் வரலாறு படித்த ஆள். இந்த நகரத்தைப் பற்றி வாசித்து எழுதுவீரா? இஞ்சை நான் தொடுகிற கல் எல்லாம் ஏதோ சொல்கிறது, எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

நவம்பர் நினைவிருக்கிறது.

வாமதேவன்


பாரிஸ்
19 ஆகஸ்ட் 2012

மிருணாளினியின் அப்பாவுக்கு,

உங்களுக்காக வாசிக்கவில்லை. நூலகத்தில் குளிரூட்டி இருக்கிறது, வீட்டில் இல்லை.

சுருக்கமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. பாரிஸ் இன்னும் சேற்றுத் தெருக்களோடு கிடந்த காலத்தில் உங்கள் மொகடிஷு மாடி வீடுகள் கொண்ட கல் நகரம். அங்கே நெய்த துணி எகிப்துக்குப் போயிருக்கிறது. தெற்கிலிருந்து பொன் வந்து கைமாறியிருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் சீனக் கப்பற்படை அந்தக் கரைக்கு வந்து, கல்லை அடுக்கிக் கட்டிய உயரமான வீடுகளைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டு போனது. எங்கள் பட்டப்படிப்பில் இதில் ஒரு வரி வந்ததா? இந்து சமுத்திரம் என்று ஒரு பாடம் முழுக்கப் படித்தேன், அது எங்கள் கரையோடு நின்றுவிட்டது.

ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. வெளிநாட்டுக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்தால் ஊர் இளைஞர்கள் சிறு படகுகளில் எதிரே போவார்களாம். ஒவ்வொருவர் கையிலும் மூடிய தட்டில் சாப்பாடு. கப்பலில் நிற்கிற ஒரு வியாபாரியிடம் அதைக் கொடுத்து, "இவர் என் விருந்தாளி" என்று சொல்லிவிட்டால் அவர் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவருடைய பொருளை விற்றுக் கொடுப்பதும் அவருக்கு வேண்டியதை வாங்கிக் கொடுப்பதும் அந்த வீட்டுக்காரரின் பொறுப்பு. அந்தப் பக்கத்தை மூடாமல் கொஞ்ச நேரம் இருந்தேன். நாங்கள் சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கியபோது கடவுச்சீட்டுக் கேட்டு எதிரே வந்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

இவ்வளவையும் வாசித்தபின் வியப்பாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆயிரம் வருட நகரம் என்பதற்காகக் குண்டு ஒதுங்கிப் போவதில்லை. 1991இல் அதே தெருக்களில் அயலவரே அயலவரைச் சுட்டார்கள். மீள்கட்டுமானம் என்ற சொல்லை நான் எத்தனை அறிக்கைகளில் மொழிபெயர்த்துவிட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். பெயர்ப்பலகை திறப்பார்கள், படம் எடுப்பார்கள், அடுத்த மழைக்குப் பூச்சு விழும்.

மிருணாளினி உங்கள் படங்களைத் தன் சிநேகிதிகளுக்குக் காட்டித் திரிகிறாள். "மொன் பேர் எத் ஆர்ஷிதெக்த்", என் அப்பா கட்டடக் கலைஞர், என்கிறாள். கட்டடக் கலைஞர் வேறு, எஞ்சினியர் வேறு என்று திருத்தினேன். "அம்மா, உனக்குப் பொறாமை" என்று தமிழில் சொன்னாள். வழக்கமாகத் திட்டுவதற்கு அவள் தமிழைத் தேடுவதில்லை.

தலைக்கவசம் போடுகிறீர்களா?

சாம்பவி


மொகடிஷு
30 செப்டெம்பர் 2012

அன்பான சாம்பவி,

விருந்தாளிக் கதையை மர்யானிடம் சொன்னேன். "அது இப்பவும் அப்படித்தான். நீ என்ர விருந்தாளி. உனக்கு ஏதும் நடந்தால் வெட்கம் எனக்கு" என்றா. அதனால்தான் தலைக்கவசம் போடாவிட்டால் அவவின் மாமியார் என்னைத் துரத்துகிறா. உமக்கு இது ஆறுதலாக இருக்கட்டும்.

இன்று எழுதுவது வேறு விசயம். நான் ஒரு பிழை விட்டேன்.

வரைபடத்தை முடித்துக் கொண்டுபோய் மர்யானுக்கு முன்னால் விரித்தேன். இருபது வருடத்துக்குப் பிறகு நான் வரைந்த முதல் கட்டடம். அவ நெடுநேரம் பார்த்தா. நாங்கள் கதைப்பது பிரெஞ்சில்தான், உமக்கு எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"வாமா, இது பள்ளிக்கூடமோ மறியற்சாலையோ?"

"ஏன்?"

"கடல் பக்கம் எங்க யன்னல்?"

"இருக்கே. உந்தா, மேல."

"உது யன்னலோ? புறா வந்து போற ஓட்டை. நான் லா கூர்னெவில இவ்வளவு காலம் கடலைக் காணாமல் இருந்தனான். இனி இஞ்சையும் ஸ்டூலில ஏறித்தான் பார்க்கோணுமோ?"

சிரித்துக்கொண்டே விரலைக் கீழே நகர்த்தினா. பின்முற்றத்துக்கு அடியில் நான் ஒரு அறை கீறியிருந்தேன். சுவர் தடிப்பு, இரண்டு பக்கமும் படி, வாசல் வளைந்து இறங்கும். களஞ்சியம் என்று எழுதியிருந்தேன்.

"இதில என்ன வைக்கிறது?"

சொல்லப் போனேன். அப்போதுதான் கண்டேன். அது பங்கர், சாம்பவி. களஞ்சியம் என்று நினைத்துத்தான் நான் அதைக் கீறினேன், உம்மாணை. கீறும்போது கதவுகளை இரண்டு பக்கமும் எதிரெதிராக வைத்ததும், பிள்ளைகள் இருக்கிற பக்கம் சுவரைத் தடிப்பாக்கியதும், கடலிலிருந்து அடித்தால் படக்கூடாது என்று யன்னலை உயர்த்தியதும் எனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கடலிலிருந்து வந்த ஷெல்லுக்கு இஞ்சை தடுப்புக் கட்டியிருக்கிறேன்.

கடைசியில் சொன்னேன்: "எங்கட ஊரில இது இல்லாமல் பள்ளிக்கூடம் கட்டுறேல்ல."

அவ சிரிப்பை நிறுத்திவிட்டா. "எங்களுக்கும் சண்டை தெரியும் வாமா. கண்ணாடி போடு. பெரிசாப் போடு."

"உடையும்."

"உடைஞ்சால் இன்னொண்டு போடுவம். உனக்கென்ன, கண்ணாடிக் கடைக்காரனுக்கும் பிள்ளை குட்டி இருக்குத்தானே."

இரண்டு நாள் எனக்கு அவமானமாக இருந்தது. பிறகு நிலத்தடி அறையை விட்டுவிட்டுப் புதிதாக வரைந்தேன். வகுப்பறைகளின் கடல் பக்கம் இடுப்புயரச் சுவர், அதற்கு மேல் கூரை வரைக்கும் யன்னல். கீறிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உடம்பு கூசியது. சட்டையில்லாமல் தெருவில் நிற்கிற மாதிரி. ஆனால் விடவில்லை.

இப்போது நீர் கோபப்படப் போகிற விசயம். கூரைத் தகடு பிந்துகிறது. கண்ணாடி துபாயிலிருந்து வரவேண்டும். நவம்பரில் முடியாது. அடுத்த கோடை வரை நிற்க அனுமதி கேட்கிறேன்.

வாமதேவன்


பாரிஸ்
11 நவம்பர் 2012

மிருணாளினியின் அப்பாவுக்கு,

இல்லை.

நீங்கள் அனுமதி கேட்கவில்லை. முடிவெடுத்துவிட்டு அறிவித்திருக்கிறீர்கள். இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை நான் தினமும் அலுவலகத்தில் பார்க்கிறேன்.

யன்னல் கதையை இரண்டு தடவை வாசித்தேன். மர்யான் கெட்டிக்காரி. ஆனால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பது அவவுடைய கணவர் அல்ல.

மாத முடிவுக்குள் வாருங்கள். வராவிட்டால் பிறகு எப்போது வருவதென்று எனக்கு எழுத வேண்டாம். பிள்ளைக்கு எழுதுங்கள்.

சாம்பவி


மொகடிஷு
17 பெப்ரவரி 2013

சாம்பவி,

நவம்பரில் நான் வரவில்லை. உமக்குப் பதிலும் எழுதவில்லை. என்ன எழுதினாலும் சாட்டுப் போலத்தான் இருந்திருக்கும். இன்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

போன கிழமை கண்ணாடி வந்து சட்டங்களில் பூட்டினோம். பின்னேரம் வேலை செய்தவர்கள் எல்லோரும் வகுப்பறைக்குள் வந்து சும்மா நின்றார்கள். கடல் அறைக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. தரையில் அலையின் வெளிச்சம் ஆடியது. குடிசையிலிருந்து வந்த ஒரு தாய், கண்ணாடியில் கையை வைத்துத் தள்ளிப் பார்த்தா, திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று. நான் அப்படி ஒரு பொருளை என் கையால் செய்ததில்லை.

வியாழக்கிழமை அடுத்த தெருவில் ஒரு வாகனம் வெடித்தது. யாரைக் குறிவைத்தார்கள் என்று தெரியவில்லை. எங்கள் இடத்தில் உயிருக்கு ஒன்றுமில்லை. காவல்காரருக்குக் கையில் வெட்டு, தைத்தாயிற்று. எனக்கு ஒரு கீறலும் இல்லை. நான் அப்போது கூரைக்குப் போகிற படியில் நின்றேன்.

கண்ணாடி ஒன்றும் மிஞ்சவில்லை.

நான் படியிலிருந்து இறங்கிப் பின்முற்றத்துக்கு ஓடினேன், சாம்பவி. அங்கே பங்கர் இல்லை என்று அங்கே போன பிறகுதான் நினைவு வந்தது. வெறும் மணலில் குப்புறப் படுத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரோ தோளில் தட்டினார்கள். மர்யானின் மாமியார், கையில் தேத்தண்ணி.

எழும்பி வந்து பார்த்தால் மர்யான் விளக்குமாற்றோடு நிற்கிறா. ஒரு கையால் கூட்டுகிறா, தோளுக்கும் காதுக்கும் இடையில் தொலைபேசி. துபாய்க்காரனோடு விலை பேசுகிறா. "போன மாசம் தந்த விலைக்குத் தா. நான் உன்ர பழைய வாடிக்கைக்காரி எல்லோ" என்று சண்டை. அவவின் கன்னத்தில் கண்ணீர் ஓடுகிறது, குரலில் ஒன்றும் இல்லை. எங்களை எல்லாம் எந்தக் கல்லால் செய்தார்கள், இவர்களை எந்தக் கல்லால் செய்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால் நான் அவ இல்லை. நீர் சொன்னது சரி. வருகிறேன். மார்ச் 2ஆம் திகதிக்குச் சீட்டுப் பதிந்துவிட்டேன். மர்யானிடம் சொன்னேன். "சரி வாமா" என்றா, வேறு ஒன்றும் சொல்லவில்லை. மிச்சத்தை வேறு யாரும் பார்த்து முடிப்பார்கள்.

உம்மிடம் வர அனுமதி கேட்கிறேன். இந்த முறை உண்மையாகக் கேட்கிறேன்.

வாமதேவன்


பாரிஸ்
22 பெப்ரவரி 2013

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்தவர் நாளைக்கே திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். தொலைபேசியில் சொல்லலாம். சொன்னால் அழுவேன், நீங்கள் அதைப் பதிலாக எடுத்துக்கொள்வீர்கள்.

கடிதத்தைப் படிக்கட்டில் நின்றே வாசித்தேன். "வருகிறேன்" என்ற இடம் வந்தபோது சந்தோசமாக இருந்தது. வீட்டு வாசலுக்கு ஏறிப்போகும்வரை சந்தோசமாகவே இருந்தேன். எத்தனை மாதம் இந்த ஒரு சொல்லுக்காக இருந்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிறகு உள்ளே போய்க் குசினி மேசையில் இருந்து மறுபடி வாசித்தேன். நீங்கள் இருக்கிற இடத்தில், அந்தச் சுவருக்கு முன்னால் இருந்தேன்.

அப்போது எனக்குத் தெரிந்தது. மார்ச் 2ஆம் திகதி வந்தால் நீங்கள் நேரே இந்தக் கதிரைக்குத்தான் வருவீர்கள். இந்தக் கதிரையில் இருந்த மனிதரோடு நான் மூன்று வருடம் வாழ்ந்தேன். அவரை எனக்குத் தெரியும். பச்சைக் கதவைப் பற்றியும் பளிங்குக் கல்லைப் பற்றியும் எழுதுகிற மனிதரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அவர் திரும்பி வருவதுதான் எனக்கு வேண்டும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எங்கள் முன்னறையில் தெருப் பக்கத்து யன்னலை அலுமாரி மறைத்துக்கொண்டு நிற்கிறதே, நாங்கள் குடிவந்த கிழமை நீங்கள் நகர்த்தி வைத்தது. இடமில்லை என்றீர்கள். இடம் இருந்தது. நானும் ஓமென்று ஒரு பக்கம் பிடித்தேன். நேற்று மிருணாளினியும் நானும் அதைத் தள்ளினோம். அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் அப்படி ஒரு யன்னல் இருப்பதே அவளுக்குத் தெரியாது. "ஓ, ல மெத்ரோ!" என்று கத்தினாள். தூரத்தில் லா சப்பல் மேல்பாலத்தில் மெத்ரோ ரயில் போவது தெரிகிறது. மிகச் சாதாரணமான காட்சி. இருவரும் கோட்டுப் போட்டபடியே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உங்களைத் துணிந்தவராக இருக்கச் சொல்லவில்லை. மணலில் படுத்தது சரியான வேலை. மறுபடி வெடித்தால் மறுபடி படுங்கள். எனக்கும் பயம் போகவில்லை, போகவும் போகாது. பேரழிவுக்குப் பிறகு அமைக்கிற எதையும் நான் இன்னும் நம்பவில்லை. ஆனால் கண்ணீரோடு விலை பேசுகிற பெண்ணை நம்புகிறேன். அவவை அந்த வெறும் யன்னல் சட்டங்களோடு விட்டுவிட்டு வராதீர்கள்.

சீட்டை மாற்றுங்கள். கண்ணாடியைப் பூட்டி, பிள்ளைகளை உள்ளே இருத்திவிட்டு வாருங்கள்.

சாம்பவி


மொகடிஷு
22 செப்டெம்பர் 2013

அன்பான சாம்பவி,

சித்திரையில் கண்ணாடி இரண்டாம் தடவை வந்ததையும், ஆடியில் இரண்டு யன்னல் மறுபடி போய் மூன்றாம் தடவை போட்டதையும் எழுதியிருந்தேன். இன்று கடைசிச் செய்தி. பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது.

பெயர்ப்பலகை இல்லை, நாடா வெட்டவில்லை. உம்முடைய சந்தேகத்தை மர்யானுக்கு முன்பே சொல்லியிருந்தேன். "உன்ர மனிசிக்குச் சொல்லு, படம் எடுக்கேல்ல எண்டு" என்றா. காலையில் பிள்ளைகள் புதுச் செருப்போடு வந்தார்கள், உள்ளே வரும்போது அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். முற்றத்துக் குடிசைகளிலிருந்து தாய்மார் வந்து வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. இந்த நகரத்தில் நான் கேட்ட முதல் நல்ல அமைதி அது.

பத்து மணிக்கு முதல் முறைப்பாடு வந்தது. கணக்கு ரீச்சர் சஃபியா என் அறைக்கு வந்து நின்றா. நைரோபியில் படித்த, மிகக் கண்டிப்பான பெண்.

"எஞ்சினியர், உங்கட யன்னல் பிழை."

கதிரையை விட்டு எழும்பினேன். "என்ன, கண்ணாடியில வெடிப்போ?"

"ஒருத்தியும் பலகையைப் பார்க்கிறாள் இல்ல. எல்லாற்ற கழுத்தும் கடல் பக்கம். நான் கூட்டல் சொல்லிக் குடுக்கிறன், அதுகள் படகு எண்ணுதுகள்."

"எண்ணுறதும் கணக்குத்தானே ரீச்சர்."

"பகிடி விடாதேங்கோ."

மர்யான் வந்தா. என்ன செய்வது என்று மூவரும் யோசித்தோம். திரை போடலாம் என்றா சஃபியா. மர்யான் அவவைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அதோடு முடிந்தது. கடைசியில் பிள்ளைகளை எழுப்பி, அவர்கள் இருந்த வாங்குகளைத் திருப்பிப் போட்டோம். பலகையை யன்னலுக்கு எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். இப்போது பிள்ளைகளுக்குக் கடல் முதுகுப் பக்கம். பலகையைத் தவிர பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. சஃபியாவுக்குத் திருப்தி.

மத்தியானம் நான் அந்த வழியாகப் போனேன். வகுப்பு அமைதியாக இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் நேரே பலகையைப் பார்த்தபடி, எழுதுவதற்கு ஆயத்தமாக இருந்தார்கள். பலகையில் பாதிக் கணக்கு. சஃபியா சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்தபடி, பிள்ளைகளின் தலைகளுக்கு மேலால் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றா. என்னைக் கண்டதும் திடுக்கிட்டு இருமினா.

இதற்கு என்னிடம் திருத்தம் இல்லை, சாம்பவி. வியாழக்கிழமை காலை வந்து இறங்குகிறேன்.

வாமதேவன்